ஒரு கை கடல்நீர்

செம்மஞ்சள் நிற மேலங்கியை அணிந்துகொண்டு அல்போன்சம்மா முதன்முறையாக எழுவைதீவு இறங்குதுறைக்கு வந்தபோது, அங்கே மீன் தரம்பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“என்னக்கா, றோட்டுப் போடப் போறியளோ?” என்றாள் ஒருத்தி.

“இந்தத் தீவிலை இனிப் போட என்ன றோட்டுக் கிடக்கு? கடலிலைதான் போடவேணும்.”

“போடுங்கோ, போடுங்கோ. அக்கரை ஊர்காவற்றுறை மட்டுக்கும் போட்டிட்டியளெண்டால் நாங்கள் நடந்தே போவம். பத்திநாதரண்ணையின்ரை இஞ்சின் புகை குடிக்கத் தேவையில்லை.”

படகில் நின்ற பத்திநாதர், “புகை வேண்டாமெண்டால் நீந்துங்கோவன்,” என்று திருப்பிக் கொடுத்தார்.

அச்சிரிப்பில் பகை இல்லை. அல்போன்சம்மாவை அத்தீவில் வெறுப்பவர் எவரும் அந்நாளில் இல்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இதனை முதலிலேயே சொல்லிவைப்பது அவசியமாகிறது.

அவர் எழுவைதீவில் பிறந்தவர், அங்கேயே மணமுடித்தவர். கணவர் செபமாலை கடற்றொழிலாளி. ஈரல் நோய் முற்றி யாழ்ப்பாணத்தில் படுத்திருந்தபோது, கடல் கொந்தளித்த காரணத்தால் மனைவி குறித்த நாளில் சென்று சேர முடியவில்லை. அவர் சென்றபோது கட்டில் வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெண், “கடைசியிலை நான்தான் அவரின்ரை தலையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்,” என்று சொன்னாராம். அப்பெண்ணின் பெயரைக்கூட அல்போன்சம்மா கேட்டறியவில்லை. ஆனால் தலையைப் பிடிப்பதற்கு ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் அன்றே ஊன்றிவிட்டது. ஒரே மகள் மணமாகிப் பேசாலைக்குப் போனபின், கருவாடு போட்டும் வலை பொத்தியும் தனியே வாழ்ந்துவந்த அவர், எங்கள் சங்கம் தொண்டர்களைக் கேட்டபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

எங்கள் சங்கம் என்பது அலைகரை நோயாளர் துணைச் சங்கம். எரிபொருள் தட்டுப்பாட்டினால் படகுகள் கரையில் கட்டப்பட்டுக் கிடந்த ஆண்டில், சிறு தீவுகளின் நோயாளர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக அது தொடங்கப்பட்டது. வெளிநாடுகளில் வாழும் தீவகத்தார் உதவினர். ஊர்காவற்றுறையில் இரும்புக்கடை நடத்தும் கோபிசங்கர் தலைவரானார். சோர்வறியாத மனிதர், அவர் இல்லாவிட்டால் சங்கமே இல்லை. அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்று அருகிலுள்ள நாரந்தனையில் இருந்த என்னையும் நிர்வாகக் குழுவில் சேர்த்தார். கூட்டங்களில் நடந்தவற்றை நேரிற் கண்டும், படகில் நடந்தவற்றை அதிலிருந்தவர்களிடம் தனித்தனியே கேட்டு ஒப்புநோக்கியும் இதனை எழுதுகிறேன்.

தொண்டர்களுக்காக ஒரு கைநூல் அச்சிடப்பட்டது. அதில் தொண்டர்களின் கடமைகள் ஒரு பக்கத்தை நிரப்பி, அடுத்த பக்கத்திலும் பாதியைப் பிடித்தன. உரிமைகள் என்னும் தலைப்பின்கீழ் இரண்டே இருந்தன: பயிற்சி பெறும் உரிமை, மேலங்கி பெறும் உரிமை.

பயிற்சி வகுப்பு ஊர்காவற்றுறையில் ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பயிற்றுநர் நல்ல தெளிவோடு பேசினார். ஆடும் படகில், விரல் நுனியால் தளர்ந்த நாடியை உணர்வது மருத்துவருக்கே கடினம் என்றார். ஆதலால், நோயாளி இறந்துவிட்டார் என்பதைச் சொல்லாலோ செயலாலோ அறிவிக்கும் அதிகாரம் தொண்டர் எவருக்கும் இல்லை; இறுதிவரை உயிருள்ளவராகவே கருதிக் கொண்டுசென்று ஒப்படைக்க வேண்டும் என்றார். அப்போது அல்போன்சம்மா எழுந்து நின்றார்.

“ஐயா, எங்கடை பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. தண்ணி அள்ளுறது.”

பயிற்றுநருக்கு அது விளங்கவில்லை. நிர்வாகக் குழுவில் எழுவைதீவைச் சேர்ந்தவர் எவரும் இல்லாமையால் எங்களில் பலருக்கும் விளங்கவில்லை. அல்போன்சம்மா விளக்கினார்.

எழுவைதீவுப் படகோட்டிகள் கடலின்மேல் நிற்கும்போது மரணத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லையும் உச்சரிப்பதில்லை. நோயாளி நடுவழியில் உயிர்விட்டால், தலையை மடியில் வைத்திருப்பவர் கடலில் கைவிட்டு, ஒரு கை நீரை அள்ளிப் படகின் விளிம்பில் ஊற்றுவார். அதைக் கண்டதும் ஓட்டி ஒன்றும் கேளாமல் படகை வந்த கரைக்கே திருப்புவார். ஓட்டிக்குச் சந்தேகம் எழுந்தால், “தண்ணியோ?” என்று மட்டும் கேட்பார். அவ்வாறு திரும்பிய உடல் தன் வீட்டு முற்றத்துக்குப் போய்விடும். மறுநாள் கருமம் முடிந்துவிடும். அக்கரையில் உயிரற்ற உடலாக இறங்கினாலோ, பொலிசுக்கு அறிவித்தல், மரண விசாரணை, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பிரேத பரிசோதனை என்று முறைகள் தொடரும். கடல் எப்போது வழிவிடும் என்பதும் தெரியாது. சட்டத்தை நோக்க இந்தப் பழக்கம் சரியானதன்று. ஆயினும் அது எதனால் ஏற்பட்டது என்பது தீவில் வாழ்பவருக்குத் தெரியும்.

கோபிசங்கர் முன்வரிசையிலிருந்து திரும்பி, “அதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம் அக்கா. இனிச் சங்கத்தின்ரை ஒழுங்குதான். மேலங்கி போட்டவை தண்ணி அள்ளக்கூடாது. சரியோ?” என்றார்.

“ஓம் தலைவர்,” என்று சொல்லி அல்போன்சம்மா அமர்ந்தார். மண்டபத்தில் இருந்த அனைவரும் அதைக் கேட்டோம்.

அதன் பின்னர் அவர் பலரோடு கடல் கடந்தார். பிரசவத்துக்குப் போன பெண்கள், காய்ச்சலில் பிதற்றிய முதியவர்கள், விஷக்கடி பட்டவர்கள். மறுத்ததாக எவரும் சொல்லவில்லை. உலையில் அரிசி கொதிக்கும்போது அழைப்பு வந்தால் அடுப்பை அவித்துவிட்டுப் போவார். ஒருமுறை தமக்கே காய்ச்சல் கண்டிருந்தும் போனார். போக முடியாதென்று சொல்லும் உரிமை கைநூலில் இல்லை என்று அவர் எண்ணினாரா, எண்ணிப்பார்க்கவே இல்லையா என்பதை நான் அறியேன்.

மறு ஆண்டு, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று தொடங்கிய நாட்களில் சீதேவி என்ற மூதாட்டிக்கு நெஞ்சுவலி கண்டது. அவர் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி. ஆழ்வாப்பிள்ளை தோட்டமும் மாடுகளும் வைத்திருந்தவர். நீரிழிவினால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டு, கதிரையே இருப்பிடமாகிவிட்டவர். மனைவியைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் வேலிவாசல் படலைவரை தவழ்ந்துவந்து, “இந்தாரும், கெதியாய் வந்திடும். மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?” என்று சொன்னார். சீதேவி திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தார். அவர் மனைவியிடம் பேசிய கடைசிச் சொல் அது.

படகில் நால்வர் இருந்தனர்: ஓட்டியாகப் பத்திநாதர், நோயாளி சீதேவி, தலையை மடியில் வைத்திருந்த அல்போன்சம்மா, மகன் லவன். கரை மங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் சீதேவியின் உடல் ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது. மூக்கின் முன் புறங்கையை வைத்துப் பார்த்தார் அல்போன்சம்மா. காற்று பலமாக இருந்தமையால் எதுவும் தெரியவில்லை. கழுத்தைத் தொட்டார். ஒன்றும் இல்லை. இருபுறமும் தொட்டார். இல்லை.

கடையாரில், அதாவது படகின் பின்முனையில், சுக்கானைப் பிடித்திருந்த பத்திநாதர் அவர் முகத்தைப் பார்த்தார்.

“தண்ணியோ பிள்ளை?”

அல்போன்சம்மாவின் வலக்கை படகின் விளிம்புவரை சென்றது. பத்திநாதர் சுக்கானை இறுக்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கை நீரைத் தொடவில்லை. விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“அம்மாவுக்கு என்னக்கா?” என்றான் லவன்.

“ஒண்டுமில்லைத் தம்பி. கிட்டிட்டம்.”

படகு நேரே சென்றது. ஊர்காவற்றுறையில் மருத்துவர் பார்த்து, உயிர் பிரிந்து நேரமாகிவிட்டது என்றார். அதன் பின்னர் நடந்தவை யாவும் முறைப்படி நடந்தவை. அவற்றில் எவரையும் குறைகூற இடமில்லை. விசாரணை அதிகாரி வந்தார். உடல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டது. இடையில் விடுமுறை வந்தது. உடல் திரும்பக் கிடைத்தபோது சோழகம் முற்றிவிட்டிருந்தது; சிறு படகுகள் எவையும் கடலில் இறங்கவில்லை. உடலை மேலும் வைத்திருக்க இயலாதென்று சொல்லப்பட்டது. நாரந்தனையில் ஒரு தூரத்து உறவினர் வீட்டு முற்றத்தில் கிரியை நடத்தி, அங்குள்ள சுடலையிலேயே எரித்தார்கள்.

கடலைக் கடந்துவர முடியாத ஆழ்வாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் காட்டினார்கள். எழுவைதீவில் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. பெட்டியின் ஓரம் தெரிந்தது. பூக்கள் தெரிந்தன. யாரோ ஒருவரின் சட்டைக் கை தெரிந்தது. முகம் வரவேண்டிய கணத்தில் படம் உறைந்து நின்றது. அது மீண்டும் அசைந்தபோது பெட்டி மூடப்பட்டிருந்தது.

சில நாட்களில் விவரம் ஊரில் பரவிவிட்டது. பத்திநாதர் பொய் சொல்லத் தெரியாதவர். “நான் தண்ணியோ எண்டு கேட்டனான். அவ தலையாட்டினவ,” என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னார். அது உண்மை. ஆனால் அவ்வுண்மை தீவுக்குள் நடந்து திரும்பியபோது, ‘செத்ததைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் கொண்டுபோனவள்’ என்று ஆகியிருந்தது.

சீதேவியின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அல்போன்சம்மா வாழைப்பழச் சீப்பொன்றைக் கொண்டு ஆழ்வாப்பிள்ளையின் வீட்டுக்குப் போனார். லவன் படலையிலேயே நின்றான்.

“உள்ளுக்கு வரவேண்டாம் அக்கா. அப்பு பார்த்தாரெண்டால் கத்துவார்.”

“தம்பி, எனக்குச் சொல்லித்தந்ததைத்தான் நான் செய்தனான்.”

“ஆர் சொல்லித் தந்தது?”

“சங்கம்.”

உள்ளேயிருந்து ஆழ்வாப்பிள்ளையின் குரல் வந்தது. “ஆரடா அது? அவளோ? கேள், என்ரை மனுசியின்ரை முகம் எனக்கு ஏன் காட்டேல்லை எண்டு கேள்! சங்கம் சொன்னதாமோ? அப்ப அந்தச் சங்கம் வந்து சொல்லட்டும். சொல்லித்தந்தவன் வந்து என்ரை முன்னாலை நிண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு நீ வா!”

அல்போன்சம்மா பழங்களைப் படலையருகே வைத்துவிட்டுத் திரும்பினார். இரண்டு நாட்களாகக் காற்றுச் சற்றுத் தணிந்திருந்தமையால், அன்று மாலையே பத்திநாதரின் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்தார்.

அவருடைய வேண்டுகோள் நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவரே வந்து நின்று சொன்னார்.

“நான் உங்களிட்டைக் காசு கேட்கேல்லை. சான்றிதழ் கேட்கேல்லை. ஒருத்தர் எங்கடை தீவுக்கு வாங்கோ. ஆழ்வாரண்ணைக்கு முன்னாலை நிண்டு, ‘அது எங்கடை ஒழுங்கு, இவ தன்ரை எண்ணத்துக்குச் செய்யேல்லை’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

கோபிசங்கர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“அக்கா, உங்கடை மனவருத்தம் எங்களுக்கு விளங்குது. ஆனால் சங்கம் போய் அப்பிடிச் சொன்னால், பிழை எங்கடை எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு வழக்கு, கிழக்கு எண்டு வந்தால்? வெளியிலை இருந்து உதவி செய்யிறவையள் என்ன நினைப்பினம்?”

“பிழையெண்டு சொல்லச் சொல்லி நான் கேட்கேல்லைத் தலைவர். உங்கடை சொல்லு எண்டு சொல்லுங்கோ.”

“கொஞ்சம் ஆறட்டும். காற்றும் அடங்கட்டும். பிறகு பாப்பம்.”

கைநூலில் இருந்த ஒரு வாசகத்தைச் செயலாளர் எடுத்துப் படித்தார்: ‘தொண்டர்கள் தமது விருப்பத்தின் பேரிலும் தமது பொறுப்பிலும் செயற்படுகின்றனர்.’ ஏவியவரே ஏவலின் விளைவையும் ஏற்றாக வேண்டும்; நாற்பதாண்டு நிர்வாகத்தில் நான் கற்றது அது ஒன்றே என்று நான் சொன்னேன். என் கருத்து கூட்ட அறிக்கையில் பதியப்பட்டது. வாக்கெடுப்பில் நான் தனித்திருந்தேன்.

காற்று அடங்கியது. எவரும் போகவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் தொண்டர் தினத்தை முன்னிட்டு அல்போன்சம்மாவுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானித்து அழைப்பு அனுப்பினார்கள். அவர் வரவில்லை. “எனக்குப் போர்க்க எதுக்கு? அந்தாளுக்கு முன்னாலை போய் நிக்கச் சொல்லுங்கோ,” என்று பத்திநாதரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பத்திநாதர் அதைச் சொன்னபோது மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

தீவில் அவருடைய நிலைமை மெல்ல மெல்ல மாறியது. வாயால் எவரும் ஏசவில்லை. ஆனால் மீன் தரம்பிரிக்கும் பெண்கள் அவர் வந்ததும் வேறு கதை தொடங்கினார்கள். கோயிலில் அவர் அமரும் வாங்குப் பலகையில் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு கர்ப்பிணியை அழைத்துப்போகச் சென்றபோது அவளுடைய தாய், “நீங்கள் வேண்டாம் அக்கா. இவளின்ரை மனுசனே போவான். கோவிக்காதையுங்கோ,” என்றாள். மேலங்கி கொடியிலேயே காய்ந்து வெளுத்தது.

அடுத்த சோழகத்துக்குச் சற்று முன்னர், ஆழ்வாப்பிள்ளையின் எஞ்சிய காலில் புண் கண்டு புரையோடியது. காய்ச்சல் ஏறியது. சங்கத்தின் படகில் ஏறமாட்டேன் என்று அவர் உறுதியாக மறுத்துவிட்டார். தீவில் வேறு படகுகள் இருந்தபோதும், நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகத் தக்கது பத்திநாதரின் படகு மட்டுமே. அதற்கு எரிபொருள் கொடுப்பது சங்கம். லவன் கெஞ்சினான், ஏசினான், தந்தையின் தலைமாட்டில் இருந்து அழுதான். பயனில்லை. இறுதியில் அவன் தானாகவே அல்போன்சம்மாவின் வீட்டுக்குப் போனான்.

அவர் மேலங்கி இல்லாமல், வீட்டில் உடுத்தியிருந்த சேலையோடு வந்தார். இம்முறை படலையில் எவரும் தடுக்கவில்லை.

“அண்ணை, ஏறுங்கோ.”

ஆழ்வாப்பிள்ளை கண்களைத் திறந்தார். “சொல்லித்தந்தவன் வந்திட்டானோ?”

“இல்லையண்ணை. ஒருத்தரும் வரேல்லை.”

“அப்ப நீ ஏன் வந்தனீ?”

“தலையைப் பிடிக்க ஆள் வேணுமெல்லோ.”

“நடுக்கடலிலை எனக்கு ஏதும் எண்டால்?” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“லவனுக்கு ஒளிக்க மாட்டன்.”

“சத்தியமோ?”

“சத்தியம்.”

“போன முறை நீ இதைச் செய்திருக்கலாம் பிள்ளை,” என்றார் அவர். அக்குரலில் அப்போது கோபம் இருக்கவில்லை என்கிறான் லவன். அதன் பின்பு தம்மைத் தூக்குவதற்கு இடம்கொடுத்தார்.

கடல் சற்றே கொந்தளிப்பாக இருந்தது. அதே படகு, அதே ஓட்டி, அதே மடி. பாதி வழி போகுமுன்னரே ஆழ்வாப்பிள்ளை பேச்சை நிறுத்தினார். பின் தாடை தளர்ந்தது. அல்போன்சம்மா கழுத்தைத் தொட்டார். மறுபுறமும் தொட்டார். குனிந்து நெஞ்சில் காதை வைத்தார். இஞ்சின் ஓசை மட்டுமே கேட்டது. பத்திநாதரிடம் இஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பின் அலைகள் படகின் பக்கத்தில் அறையும் ஓசை கேட்டது.

“தண்ணியோ பிள்ளை?” என்றார் பத்திநாதர்.

சங்கத்தின் ஒழுங்கின்படி அவர் இல்லையென்று தலையசைத்திருக்க வேண்டும். தீவின் வழக்கப்படி நீரை அள்ளியிருக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை.

“எனக்குத் தெரியேல்லையண்ணை. எனக்கு ஒண்டும் கேட்கேல்லை. ஆனால் துடிப்பில்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது.” பின்பு லவனைப் பார்த்தார். “தம்பி, இவர் உம்மடை அப்பு. நீர் தொட்டுப் பாரும். உமக்கு ஒளிக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான். எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை.”

லவன் தந்தையின் நெஞ்சில் கைவைத்தான். ஒருபுறம் ஊர்காவற்றுறையின் கரை மங்கலாகத் தெரிந்தது. மறுபுறம் எழுவைதீவின் பனைகள் தெரிந்தன. தாயின் பெட்டி மூடப்பட்ட அந்த நாரந்தனை முற்றமே அப்போது தன் கண்முன் நின்றது என்று பின்னர் என்னிடம் சொன்னான்.

அவன் படகின் விளிம்புக்கு வெளியே கையை நீட்டினான். ஒரு கை நீரை அள்ளி விளிம்பில் ஊற்றினான். பத்திநாதர் படகைத் திருப்பினார்.

எழுவைதீவில் இறக்கி, ஆழ்வாப்பிள்ளையை அவருடைய முற்றத்தில் பாயில் கிடத்தினார்கள். பெண்கள் அழத் தொடங்கினார்கள். முகத்தைத் துடைக்க ஈரத்துணி கொண்டுவந்த யசோதரா என்ற அயல்வீட்டுப் பெண், துடைத்த கையைப் பாதியில் நிறுத்தினாள்.

“ஐயோ, தொண்டை அசையுது!”

அழுகை நின்றது. மீண்டும் ஒருமுறை தொண்டை அசைந்தது. அதை எல்லோரும் கண்டார்கள். அல்போன்சம்மா, “தூக்குங்கோ! தூக்குங்கோ! பத்திநாதரண்ணை, ஓடிப்போய் இஞ்சினைப் போடுங்கோ!” என்று கத்தினார். பாயோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துறையை நெருங்குமுன்னர், பனைவெளி நடுவில், அவரை இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. இம்முறை எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. பயிற்றுநர் சொன்னது சரியே: ஆடும் படகில், தளர்ந்த நாடியை விரல் நுனியால் அறிய முடியாது.

படகை நேரே செலுத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று நான் ஒரு மருத்துவரிடம் கேட்டேன். நஞ்சு இரத்தத்தில் ஏறிய நிலையில் வாய்ப்பு மிகக் குறைவு என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

செத்தவீட்டின் மறுநாள் கோபிசங்கர் எழுவைதீவுக்கு வந்தார். அத்தீவில் அவர் கால்வைத்தது அதுவே முதன்முறை. நானும் உடன் சென்றேன். ஆழ்வாப்பிள்ளையின் முற்றத்தில் எங்களுக்குக் கதிரைகள் போடப்பட்டன. ஊரார் வேலியோரமாகக் கூடிநின்றார்கள். அல்போன்சம்மா ஒரு பனையடியில், தலை குனிந்து நின்றார்.

கோபிசங்கர் துக்கம் விசாரித்தார். பின்பு, “அக்கா, உங்களிட்டை ஒண்டு கேட்கவேணும்,” என்றார். “நீங்கள் அண்டைக்கு மேலங்கி போடேல்லை. அப்பிடியெண்டால் சங்கத்தின்ரை தொண்டராய்ப் போகேல்லை. அதுக்கு முந்தியே விலகினதாய் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. திகதியைப் போன மாதமாய்ப் போட்டால் நல்லது. உங்களுக்கும் நல்லது.”

“நான் விலகேல்லைத் தலைவர்.”

“அப்ப விளங்குதோ, சங்கத்தின்ரை ஒழுங்கை மீறினது நீங்கள் எண்டு வரும். உயிரோடை இருந்த ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தது நீங்கள் எண்டு வரும்.”

அல்போன்சம்மாவின் தலைக்கு மேலே காவோலை உரசியது. அப்போது, மொட்டையடித்த தலையோடு திண்ணைக் கட்டில் இருந்த லவன் எழுந்து வந்தான்.

“திருப்பச் சொன்னது நான்,” என்றான். “அக்கா தனக்குத் தெரியாது எண்டுதான் சொன்னவ. தண்ணி அள்ளினது என்ரை கை. என்ரை சொல்லு.”

“தம்பி, நீர் இப்ப கவலையிலை கதைக்கிறீர்.”

“கவலைதான். ஆனால் கதைக்கிறது உண்மை.”

“உம்மடை அப்பு உயிரோடை இருந்தவர் எண்டு உமக்குத் தெரியுமோ?”

“அப்ப தெரியாது. இப்ப தெரியும்.” அவன் வேலியோரம் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினான். “எல்லாருக்கும் கேட்கட்டும். என்ரை அப்புவைத் திருப்பிக் கொண்டுவந்தது நான். ஆரும் கேட்டால் என்னைக் கேட்கட்டும். இந்த அக்காவைக் கேட்கத் தேவையில்லை.” பின்பு கோபிசங்கரிடம், “ஐயா, அப்பு ஒரு வருசமாய் உங்களை வரச்சொல்லித்தான் கேட்டவர். வந்தனீங்கள். நல்லது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றான்.

கோபிசங்கர் தேநீரைக் குடிக்கவில்லை. படகில் திரும்பும்போது, “நான் என்ன செய்யிறது ஐயா? சங்கத்தைக் காப்பாத்த வேணுமே,” என்று என்னிடம் கேட்டார். அதற்கு என்னிடம் ஒரு மறுமொழி இருந்தது. முன்னரே கூட்டத்தில் சொல்லியிருந்தமையால் திரும்பச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் அல்போன்சம்மா, ஒழுங்கை மீறியவர் என்று தொண்டர் வரிசையிலிருந்து நீக்கப்பட்டார். “எனக்குத் தெரியாது” என்று சொல்லும் உரிமை தொண்டர்களுக்கு உண்டு என்ற வாசகத்தைக் கைநூலில் சேர்க்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். அது பின்னொரு கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. எழுவைதீவிலிருந்து பெண் தொண்டர் வேண்டும் என்ற அறிவித்தல் இறங்குதுறையில் ஒட்டப்பட்டது. இதுவரை எவரும் பெயர் கொடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அழைக்க லவன் அல்போன்சம்மாவின் வீட்டுக்குத் தானே போனான். அவர் மேலங்கியைத் துவைத்து மடித்து, பத்திநாதரிடம் கொடுத்தனுப்புவதற்காகக் கதிரையில் வைத்திருந்தார்.

“வரவேணும் அக்கா. நீங்கள் வராமல் நாங்கள் பந்தி வைக்க மாட்டம்.”

“தம்பி, நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்? நான் உம்மைத் தொட்டுப் பாக்கச் சொல்லாமல் விட்டிருந்தால் படகு நேரை போயிருக்கும். எனக்கும் அதிலை பங்கிருக்கு.”

“இருக்கலாம் அக்கா. ஆனால் ஒராள் எண்டாலும் முன்னாலை வந்து சொல்லவேணுமெல்லோ.”

அவர் போனார். ஊரார் அவருக்கு இடம் விட்டார்கள். மீன் தரம்பிரிக்கும் பெண்களுள் ஒருத்தி பக்கத்தில் வந்து அமர்ந்தாள். இலையில் சோறும் கறிகளும் வைக்கப்பட்டன. லவன் தன் கையாலேயே பாயசம் ஊற்றினான். ஓராண்டாக அவர் வேண்டிநின்ற சொல் கிடைத்துவிட்டது. முற்றத்தில் இருந்த அனைவரும் அதை அறிந்திருந்தார்கள்.

அல்போன்சம்மா ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்தார். அதை மெல்லாமலும் விழுங்காமலும் நெடுநேரம் அப்படியே இருந்தார். எதிர்ச் சுவரில் சீதேவியின் படத்துக்குப் பக்கத்தில், ஆழ்வாப்பிள்ளையின் படத்தை மாட்டியிருந்தார்கள்.